முதல் மிதி

எனக்கு வயது இருபத்தேழு. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

ஜோக் இல்லை. தாராவி தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில், பழைய ஜீப்புகளுக்கு ரெண்டு வீலையும் இணைக்கிற ஆக்ஸிலை மாற்றி டிஸ்க் பிரேக் போடுகிற கேரேஜில் நாலு வருடம் வேலை பார்த்தேன். ஊர் வண்டிக்கெல்லாம் டிஸ்க் போட்டவனுக்குக் கடைசியில் முதுகில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. பத்து கிலோவுக்கு மேல் தூக்கினால் திரும்ப என்னிடம் வராதே என்றார் டாக்டர். ஒரு ஆக்ஸில் எத்தனை கிலோ என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது வாஷியில் ஏசி ஆபீஸ். கம்ப்யூட்டரில் டிராயிங் போடுகிறேன். கம்ப்யூட்டரில் ஆக்ஸிலை ஒரு விரலால் தூக்கலாம்.

இதை எழுத வைத்தவர்கள் செம்பூரில் நான் படித்த இன்ஜினியரிங் காலேஜ் பையன்கள். ஒரு பழைய ஜீப்பை வாங்கி, ஆக்ஸில் மாற்றி, பிரேக்கும் மாற்றி முடித்து, இன்று காலை ஒரு வீடியோ அனுப்பினார்கள். பதினோரு செகண்ட். ஒரு ஷூ, ஒரு பெடல். மிதிக்கிறான், பெடல் அசையாமல் நிற்கிறது. கீழே ஒரு வரி: "அண்ணா, கல்லு மாதிரி நிக்குது! நாளைக்கு மால்ஷேஜ் காட் போறோம். டிப்ஸ் இருந்தா சொல்லுங்க."

வீடியோவை ஏழெட்டு முறை பார்த்தேன். ஆரம்பிக்கும்போதே பெடல் கீழேயிருந்து மேலே வந்துகொண்டிருக்கிறது. அதாவது கேமராவை ஆன் செய்வதற்கு முன்னால் ஒரு தடவையாவது மிதித்திருக்கிறான். மால்ஷேஜ் வேறு, வளைவு வளைவாக இறங்குகிற மலைப்பாதை. டிப்ஸ் எல்லாம் சொல்லவில்லை. ஒரே கேள்விதான் அனுப்பினேன்: "முதல் மிதி எப்படிடா இருந்துச்சு?"

இன்னும் பதில் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் நகத்தைக் கடித்தே கையை முடித்துவிடுவேன். அதனால் டைப் அடிக்கிறேன்.

அந்தக் கேள்வி என்னுடையது இல்லை. கேரேஜ் ஓனர் ஸ்டெல்லா அக்காவுடையது. அக்காவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. பூர்வீகம் நாசரேத் பக்கம், பிறந்து வளர்ந்தது தாராவி. நான் டிகிரியோடு போய் நின்ற முதல் நாளே எனக்கு 'பி.இ.' என்று பெயர் வைத்துவிட்டார். "ஏலே பி.இ., அந்த ஸ்பேனர எடு." "ஏலே பி.இ., டீ சொல்லிட்டு வா." நாலு வருடமும் அதே பெயர்தான்.

கற்றுக்கொண்ட காலத்தை ரெண்டு வரியில் முடிக்கிறேன். முதல் வருடம் முழுக்க வெட்டினேன், வெல்டு வைத்தேன், சுட்டுக்கொண்டேன். ஆக்ஸிலின் மேல் ஸ்பிரிங் பட்டை உட்காரும் சீட்டை ஒருமுறை மூணு டிகிரி சாய்த்து வெல்டு வைத்துவிட்டேன், வண்டி நாற்பது கிலோமீட்டர் வேகத்திலேயே நடுங்கியது. அக்கா திட்டவில்லை. "வெட்டு" என்றார். வெட்டினேன். மறுபடி வைத்தேன். அவ்வளவுதான் என் ட்ரெய்னிங்.

ஆனால் பிரேக் விஷயத்தில் மட்டும் அக்கா யாரையும் நம்ப மாட்டார். வேலை முடிந்ததும் ஒரு டீ குடிக்கிற நேரம் பெடலை யாரும் தொடக்கூடாது. அப்புறம் அக்கா ஏறி உட்காருவார், என்ஜினை ஸ்டார்ட் செய்வார், ஒரே ஒரு முறை மிதிப்பார். மிதித்த காலை எடுக்காமல் கண்ணை மூடிக்கொள்வார். உதடு மட்டும் அசையும். ஆரம்பத்தில் இது வேண்டுதல் என்றுதான் நினைத்தேன். சர்ச்சில் எல்லோரும் சேர்ந்து சொல்கிற பரமண்டல ஜெபம்தான் அது. ஆனால் அக்காவுக்கு அது கடிகாரம். ஜெபம் முடிகிறவரை பெடல் ஒரு நூல்கூட இறங்கக்கூடாது. இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். மிதித்த உடனேயே மெத்தென்று உள்ளே போனால் பிரேக் ஆயில் லைனில் காற்று இருக்கிறது என்று அர்த்தம். எல்லாம் சரியாக இருந்தால் இறங்கி வந்து பானெட்டில் ரெண்டு தட்டு தட்டுவார். வண்டி போகலாம்.

"ஏங்கா, ரெண்டு மூணு தடவ மிதிச்சுப் பாத்தா இன்னும் நல்லாத் தெரியாதா?" என்று ஒருமுறை கேட்டேன். பி.இ. கேள்வி.

"ரெண்டாவது மிதி எல்லா வண்டியிலயும் நல்லாத்தாம்லே இருக்கும். காத்து அமுங்கிப் போயிரும்லா. லாரிக்காரன் எதுக்க வாரான். நீ மொத மிதி மிதிச்சிட்டு, இருடே, ரெண்டாவது மிதிக்கேன்னு அவன்ட்ட சொல்லுவியா?"

சிரித்தேன். புரிந்துவிட்டது என்றும் நினைத்துக்கொண்டேன்.

இப்போது ரமணி சாரின் ஜீப்புக்கு வருகிறேன். மாட்டுங்காக்காரர், பாலக்காட்டுக் குடும்பம், இன்சூரன்ஸ் ஆபீஸில் பெரிய போஸ்ட். ஆபீஸில் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, ஞாயிற்றுக்கிழமை ஆனால் உடம்பெல்லாம் சேறு. அவரிடம் ஒரு பழைய பச்சை ஜீப். நாலு வீலிலும் டிரம் பிரேக். தண்ணீரில் இறங்கி ஏறினால் ஒரு கிலோமீட்டருக்கு பிரேக்கே பிடிக்காது. முன்னும் பின்னும் அகலமான, கெட்டியான ஆக்ஸில் வேண்டும், முன்னால் டிஸ்க் வேண்டும், மழை சீசனுக்குள் வேண்டும் என்றார்.

கோவண்டியில் சலீம் பாயின் ஸ்கிராப் கடையில் ரெண்டு ஆக்ஸில் கிடைத்தது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் ரெண்டையும் தனியாகக் கழற்றி ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தார். ஒன்றில் வெள்ளைப் பெயிண்டில் 'D', இன்னொன்றில் 'C'. டிரைவர் சைடு, கிளீனர் சைடு. எங்கள் தொழிலில் வலது, இடது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வண்டியின் முன்னால் நிற்கிறவனுக்கும் பின்னால் நிற்கிறவனுக்கும் வலது மாறிவிடும், டிரைவர் மாற மாட்டார். அதனால் டிரைவர் பக்கம் 'D', கிளீனர் உட்காரும் பக்கம் 'C'.

ரெண்டு காலிப்பரும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரே வித்தியாசம், காற்றை வெளியே விடுகிற பிளீடர் என்ற சின்னத் திருகு. அது எப்போதும் மேல் பக்கம் வர வேண்டும், ஏனென்றால் ஆயிலுக்குள் காற்று மேலேதான் போய் நிற்கும். இது எனக்குத் தெரியாதா? பரீட்சையில் படம் போட்டு மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் அன்று நான் எழுத்தைப் படித்தேன், பொருளைப் பார்க்கவில்லை. D டிரைவர் பக்கம். C கிளீனர் பக்கம். மாட்டி முடித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா அம்பர்நாத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். போகும்போது, "நான் வந்து மிதிச்சுப் பாத்துட்டுத்தான் வண்டி வெளிய போணும், பி.இ." என்றார். சாயங்காலம் ரமணி சார் வந்து நின்றார். மறுநாள் விடிகாலை மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு மால்ஷேஜ் போவதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம்.

ஏர் எடுத்தேன், அதாவது பிளீடரைத் திறந்து லைனிலிருக்கிற காற்றை வெளியேற்றுகிற வேலை. பிளீடரில் மாட்டிய டியூபில் ஒரு குமிழ்கூட வரவில்லை. சுத்தமான ஆயில். வராதுதான், காற்று மேலே சொகுசாக உட்கார்ந்திருக்கிறது, நான் கீழே திறந்து வைத்துக்கொண்டு ஆயிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஏறி மிதித்தேன். முதல் மிதி மெத்தென்று பாதிவரை போனது. ரெண்டாவது மிதி, கல்.

அந்த இடத்தில் நான் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. புது பிரேக் பேட், செட்டாக நேரம் எடுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதோடு நிற்கவில்லை, ரமணி சாரை உட்கார வைத்து, "ரெண்டு தடவ மிதிங்க சார், சூப்பரா நிக்கும்" என்று சொல்லியும் கொடுத்தேன். அவர் சந்தோஷமாகப் போனார். நான் சந்தோஷமாக வீல் மாட்டுவதற்கு முன்பே எடுத்து வைத்திருந்த வீடியோவுக்குப் பாட்டு சேர்த்து, கேரேஜ் இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டுத் தூங்கினேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எழுந்து பார்த்தால் நானூறு லைக். எவனோ ஒருவன் கமென்ட் போட்டிருந்தான்: "பாய், பிளீடர் நீச்சே க்யூன் ஹை?" கூடவே சிரிக்கிற பொம்மை ரெண்டு.

பிளீடர் ஏன் கீழே இருக்கிறதாம். கெட்ட வார்த்தையில் நல்ல நீளமான பதில் ஒன்றைப் பாதி டைப் செய்துவிட்டு, அவனை இன்னும் அசிங்கப்படுத்தலாம் என்று வீடியோவை நிறுத்திப் பெரிசாக்கினேன்.

பிளீடர் கீழேதான் இருந்தது. ரெண்டு பக்கமும்.

பாதி டைப் செய்த பதிலை அழித்தேன். ரமணி சாருக்குப் போன் அடித்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி, மறுபடி. ஏறும்போது பிரேக்குக்கு வேலை குறைவு. இறங்கும்போதுதான் வளைவுக்கு வளைவு மிதிக்க வேண்டும். சூடு ஏற ஏற அந்தக் காற்று விரியும், ரெண்டாவது மிதியும் போய்விடும், மூணாவதும் போய்விடும். ஜூலை மாத மழை. ஜீப்பில் மூணு பேர்.

அக்கா ஞாயிறு காலை சர்ச்சில் இருப்பார். சட்டைப் பொத்தானை ஓடிக்கொண்டே போட்டேன். உள்ளே ஜனம் நிரம்பியிருந்தது. பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் அக்காவின் தலை தெரிந்தது. செருப்புக் குவியலைத் தாண்டி வாசலில் கால் வைக்கவும், எல்லோரும் எழுந்து நிற்கவும் சரியாக இருந்தது. ஆரம்பித்தார்கள். பரமண்டல ஜெபம்.

ரெண்டு வருடத்தில் அந்த ஜெபம் எத்தனை நேரம் என்று எனக்கு அத்துப்படி. அன்று அது முடியவே இல்லை. இருநூறு பேர் நிதானமாக, ஒரே குரலில் சொல்கிறார்கள். எனக்கு ஒரு பெடல்தான் தெரிகிறது, நூல் நூலாகக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. ஆமென் என்றதும் நடுவில் புகுந்து அக்காவின் கையைப் பிடித்துவிட்டேன். பக்கத்திலிருந்தவர்கள் முறைத்தார்கள்.

வாசலுக்கு வந்ததும் போனைக் காட்டினேன். அக்கா ரெண்டு செகண்ட் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"காலிப்பர் பக்கம் மாறிப்போச்சு. வண்டி எங்க?"

"மால்ஷேஜ் போயிருக்காருக்கா. போன் போகல."

"மொத மிதி எப்படி இருந்துச்சு?"

"கல்லு மாதிரிக்கா."

அந்தப் பதில் என் வாயிலிருந்துதான் வந்தது. யோசிக்கக்கூட இல்லை. அக்காவின் தோள் இறங்கியது. மூச்சு விட்டார். "அப்பம் காத்து ரொம்ப இருக்காது. பயப்படாத. சாயந்தரம் வண்டி வரட்டும், மாத்திருவோம். முழிக்காதலே, போய் மூஞ்சியக் கழுவு." திரும்பி உள்ளே நடக்க ஆரம்பித்தார்.

அவர் நிலைப்படியைத் தாண்டுகிறவரை நான் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை என்னைத் தூக்கத்தில் எழுப்புவது ஜீப் இல்லை, அக்கா நடந்த அந்த நாலு அடிதான்.

"அக்கா!"

திரும்பினார்.

"பாதி வரைக்கும் போச்சுக்கா. ரெண்டாவது மிதிதான் நின்னுச்சு. அவர்ட்டயும் ரெண்டு தடவ மிதிக்கச் சொல்லிட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தார். பைபிளைப் பக்கத்தில் நின்ற பெண்ணின் கையில் கொடுத்தார், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். "வேன எடு."

பட்டுச் சேலையோடு கேரேஜ் வேனில் ஏறினார். தாணே ஊரைத் தாண்டினோம். நான்தான் பொறுக்க முடியாமல் சலீம் பாய்க்குப் போன் போட்டு, ஏன் தப்பாக எழுதிக் கொடுத்தீர்கள் என்று கத்தினேன்.

"அரே, கலத் க்யா ஹை?" என்று, இதில் என்ன தப்பு என்பதுபோல் நிதானமாகக் கேட்டார் சலீம் பாய். "வோ காடி கா டிரைவர் லெஃப்ட் மே பைட்தா தா, பாய்."

அந்த ஆக்ஸில் வெளிநாட்டிலிருந்து ஸ்கிராப்பாக வந்த வண்டியுடையது. அந்த வண்டியில் டிரைவர் உட்காருவது இடது பக்கம். அவர் எழுதிய டிரைவர் வேறு, நான் படித்த டிரைவர் வேறு. டிரைவர் மாற மாட்டார் என்பதுதானே எங்கள் கணக்கு? அவரே மாறிவிட்டார்.

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "எழுத்தப் படிக்கதுக்குத்தான் ஒன்ன காலேஜுக்கு அனுப்புனாவளோ?" என்றார்.

முர்பாட் தாண்டியபோது என் போனில் ஒரு இன்ஸ்டாகிராம் ஸ்டோரி வந்து விழுந்தது. ரமணி சாரின் மகள் போட்டது. பனிமூட்டம், ஒரு அருவி, முன்னால் எங்கள் ஜீப். கேரேஜ் பேரையும் டேக் செய்திருந்தாள். போட்டு நாலு நிமிடம். இன்ஸ்டாகிராமிலேயே கால் அடித்தேன். எடுத்துவிட்டாள்.

"ஹலோ? அரே, கேரேஜ்வாலா? ஜீப் மஸ்த் இருக்கு! நாங்க இப்போ கீழ எறங்கப் போறோம்."

"எறங்காதீங்க! அப்பாட்ட குடுங்க, ப்ளீஸ், ஒடனே குடுங்க!"

ரமணி சார் வந்தார். "என்னடா, ஞாயித்துக்கெழமையுமா? பிரேக் ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கு. நீ சொன்னாப்போலயே ரெண்டு வாட்டி மிதிக்கறேன், ஜம்முனு நிக்கறது. இப்போ ரெண்டு வாட்டி போறலை, மூணு மிதிக்க வேண்டியிருக்கு, அவ்வளவுதான்."

ஸ்பீக்கரில் அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா போனைப் பிடுங்கினார்.

"சார், ஸ்டெல்லா பேசுதேன். எங்க பக்கம் தப்பு நடந்து போச்சு. வண்டிய எடுக்காதிய. சாவிய எடுத்து வீட்டம்மாட்ட குடுத்துருங்க. வீலுக்கு ரெண்டு கல்லு வையிங்க. நாங்க வந்துட்டே இருக்கோம். கேக்குதா? சார்? கேக்குதா?"

லைன் போய்விட்டது. எந்த வார்த்தையில் போனது என்று தெரியாது. கல் வரைக்கும் கேட்டதா, 'வண்டிய' என்பதோடு நின்றதா?

காட் ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் எதிரே எது வந்தாலும் பச்சை ஜீப்பாகத்தான் தெரிந்தது. தடுப்புச் சுவர் உடைந்திருந்த ஓரிடத்தில் வேனின் வேகத்தைக் குறைத்தேன். "அது பழைய ஒடைப்புலே, பாசி புடிச்சிருக்கு, பாரு. ஓட்டு," என்றார் அக்கா. அவரும் அதைத்தான் பார்த்திருக்கிறார்.

உச்சியில், மக்காச்சோளம் சுட்டு விற்கிற வண்டிகளுக்குப் பக்கத்தில், பனிக்குள் ஜீப் நின்றது. முன் வீலுக்கு முன்னால் ரெண்டு கல். தேங்காய் அளவு, கறுப்பு. வாழ்க்கையில் நான் பார்த்த அழகான பொருள் எது என்று யாராவது கேட்டால் அந்த ரெண்டு கல்லைத்தான் சொல்வேன்.

ரமணி சார் கோபத்தில் இருந்தார், ஆனால் கத்தவில்லை. "எனக்குக் கொழந்தை இருக்குடா," என்று மட்டும் சொன்னார். அந்தக் கொழந்தை பத்தொன்பது வயதில் சோளம் தின்றுகொண்டு என்னைப் பாவமாகப் பார்த்தது.

அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஈரத் தரையில் சாக்கை விரித்தார். ஜாக்கி வைத்து முன் வீல் ரெண்டையும் கழற்றினேன். காலிப்பர்களைக் கழற்றி அந்தப் பக்கத்தை இந்தப் பக்கம் மாற்றினோம். பிளீடர் இப்போது மேலே. நான் பெடலில், அக்கா கீழே.

"மிதி. புடி. புடிலே. ம், விடு."

டியூபில் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி காற்று வந்தது. கொர கொரவென்று குமிழ். ரமணி சார் குனிந்து பார்த்தார், பார்த்துவிட்டு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். ரெண்டு பக்கமும் குமிழ் நிற்கிறவரை எடுத்தோம். அப்புறம் டீ. யாரும் பெடலைத் தொடக்கூடாது. அக்கா நிதானமாக டீ குடித்தார்.

கிளாஸை வைத்துவிட்டு, "நீ ஏறு," என்றார்.

ரெண்டு வருடத்தில் அக்கா அப்படிச் சொன்னது முதல் தடவை. ஏறினேன், ஸ்டார்ட் செய்தேன், மிதித்தேன். நின்றது. நன்றாகவே நின்றது. ஆனால் கடைசியில், நிற்பதற்கு முன், ஒரு துளி மெத்தென்று இருந்ததா? இல்லை என் கால் நடுங்கியதா?

எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். மழை வலுக்கிறது.

"எப்படி?" என்றார் அக்கா.

"கொஞ்சம் மெத்துனு இருக்குக்கா."

"அய்யோ, போருமே! நன்னாத்தானே நிக்கறது," என்றார் ரமணி சார்.

அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. மறுபடி சாக்கில் உட்கார்ந்து கிளீனர் பக்கத்தைத் திறந்தார். சுத்தமான ஆயில் வந்தது, வந்துகொண்டே இருந்தது. என் காலில்தான் கோளாறு என்று வெட்கப்பட ஆரம்பித்த நேரத்தில், கடுகு அளவில் ஒரே ஒரு குமிழ் டியூபுக்குள் ஏறிப் போனது.

மறுபடி டீ. மறுபடி முதல் மிதி. இந்தத் தடவை காலுக்குக் கீழே சுவர் இருந்தது. சர்ச்சில் காதில் விழுந்ததை வைத்து, தெரிந்தவரை ஜெபத்தையும் உள்ளுக்குள் சொன்னேன். அக்கா பானெட்டில் ரெண்டு தட்டு தட்டினார்.

ஜீப்பை நான்தான் கீழே இறக்கினேன். ரமணி சார் குடும்பம் வேனில் அக்காவோடு பின்னால் வந்தது. வளைவுக்கு வளைவு, ஒரே மிதி.

தாராவி வந்து சேர்ந்ததும் வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்றுதான் நின்றேன். அக்கா சேலையிலிருந்த கிரீஸைப் பார்த்துக்கொண்டே, "பெடலுக்கு மட்டும் இல்லலே, வாய்க்கும் மொத மிதிதான் கணக்கு. நாளைக்கு எட்டு மணிக்கு வா. வரும்போது ட்ரை கிளீனிங்ல இந்தச் சேலையப் போட்டுட்டு வா, பி.இ.," என்றார். அதற்கப்புறமும் ரெண்டு வருடம் வேலை பார்த்தேன், முதுகு போகிறவரை.

இதோ போன் அதிர்கிறது. காலேஜ் பையன்தான்.

"முதல் மிதியும் செம அண்ணா! கல்லு!"

பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு நிமிடம் போகிறது. அந்த மெசேஜ் காணாமல் போகிறது. இந்த மெசேஜ் நீக்கப்பட்டது என்று வருகிறது. டைப் செய்கிறான். நிறுத்துகிறான். மறுபடி டைப் செய்கிறான்.

"அண்ணா, உண்மையச் சொன்னா கொஞ்சம் மெத்துனு இருந்துச்சு."

"சாவிய எடுத்துப் பாக்கெட்டுல போடு. வீலுக்கு ரெண்டு கல்லு வை. வர்றேன்," என்று அனுப்பிவிட்டேன். வாஷியிலிருந்து செம்பூருக்கு ஹார்பர் லைன் ரயிலில் மாறாமலே போய்விடலாம்.

டாக்டர், நான் எதையும் தூக்கப் போவதில்லை. மிதிக்கத்தான் போகிறேன். ஒரே ஒரு தடவை.